நீலப் புள்ளி

அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்லும்படி இன்றைக்கும் கேட்பார். கண் வலிக்கிறது என்றால் பொய். பயமாக இருக்கிறது என்றால், அவருக்கு நடந்ததை வாய்விட்டுச் சொன்னதாகிவிடும்.

ஜூடித் ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த அறையில் அவள் கணவர் ரொனால்ட் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். குன்னூரில் அவர் வேலை பார்த்த எஸ்டேட் ஆபீஸில் கழித்துப்போட்ட பிரிண்டர் அது. மை டப்பா ஓடிய இடத்தில் இப்போது அவர் பொருத்திய சின்ன லேசர் ஒன்று ஓடியது. அச்சடிப்பதற்குப் பதில் அட்டையை வெட்டும். பெர்ன்ஹில் சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

லென்ஸைத் திருகி, விழுகிற நீலப் புள்ளியைக் கடுகைவிடச் சிறிதாக்கினால்தான் வெட்டும். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் அந்த நீலமே தெரியாது. அதனால் ஒருநாள் கழற்றிவிட்டுப் பார்த்தார். அட்டைக்கு அடியில் தகரம். அதில் பட்டு ஒளி கண்ணில் திரும்பி அடித்தது. அன்றிலிருந்து வலது கண்ணின் நடுவில் கறுப்பாக ஏதோ நிற்கிறது. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். டாக்டர் சொன்னதை இருவரும்தான் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் அதைப் பேசவில்லை. "இப்பத் தேவலாம்" என்பார். "ஆமாங்க" என்பாள்.

"ஜூடி, சித்த வா."

போனாள். அட்டையில் நட்சத்திரம் வெட்டுப்படாமல் கருகிக் கிடந்தது. பனிக்காக ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறைக்குள் புகை நின்றது.

"ஃபோன் கேமராவுல பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரே வெள்ளையாத் தெரியுது. அதுக்கும் கண்ணு கூசுதாட்ட இருக்குது." சிரித்தார். "நீ பாரு. நா திருகறேன். சின்னதானதும் சொல்லு. கண்ணாடி வேண்டாம், தெரியாது."

ஸ்விட்ச் இடப்பக்கம் இருந்தது. அவர் வலப்பக்கம் தடவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு திட்டு சவரம் படாமல் நின்றது. காலையிலிருந்து அது அப்படியே இருக்கிறது, அவள் சொல்லவில்லை. இப்படி எத்தனையோ சொல்லாமல் விட்டுத்தான் அவரை இந்த மேசைக்கு முன் உட்காரவைத்திருக்கிறாள். பார்த்துவிட்டால்தான் என்ன? நட்சத்திரம் வெட்டுப்படும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவர் பழையபடி நின்று பேசுவார். அதற்காக எதையும் செய்யலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"என்ன யோசன? என்மேல நம்பிக்கையில்லியா?"

"அதில்லீங்க." அவர் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். "உங்க கண்ணு இனி சரியாகாதுங்க. எனக்கும் போயிருச்சுன்னா நம்மளுக்கு ஆருங்க இருக்கறாங்க?"

அவர் கை மறுபடி வலப்பக்கம் போய் ஸ்விட்சைத் தேடியது.

"நா பாக்க மாட்டேனுங்க" என்றாள்.