மர்ஃபியும் கேசியும்

அன்று காலை எனக்கு மர்ஃபி என்று பெயர் வைத்தார்கள். கோர்வின் நகரத்து அணியின் மேலாளர் பிராண்ட், தன் இரும்புக்கடையின் பின்னறையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்து, பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த முட்டைக்கோஸும் கொடுத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அச்சடித்த ஆட்டத்தாளில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் தம்பி நீ. வலது பக்க வரிசை."

"போன வாரமும் ஒரு மர்ஃபி ஆடினாராமே?"

"ஆடினான். குண்டன். யாராச்சும் கேட்டா, டைஃபாய்டு வந்து இளைச்சுட்டேன்னு சொல்லு."

அறையில் இருந்த உருக்காலை ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் அதே அணியில் சொந்தப் பெயரில் ஆடுகிறவர்கள். சனிக்கிழமை உலை முன்னால் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருவார்கள். வேறு பெயர் எங்களைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்குத்தான். காசுக்கு ஆடுகிறவனைக் கல்லூரி வைத்துக்கொள்ளாது, அதுவும் கர்த்தரின் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில். முந்தின ஆண்டு அப்படிப் பிடிபட்ட மூன்று பேரின் பெயரை ஆராதனைக் கூடத்தில் வாசித்தார்கள். அவர்கள் எழுந்து நடுவழியே நடந்து வெளியே போனார்கள். கதவு சாத்தப்படும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது கடைசி வருடம். அண்ணன் பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியதால்தான் நான் படித்தேன். ஜூனில் பட்டம் வாங்கினால் ஒரு பள்ளியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பள்ளியின் பெயரை அண்ணன் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

அத்தை வீட்டுக்குப் போவதாக என் அறைத்தோழன் ஏனோக் ஃபாரண்டிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவன் அப்பா போதகர். அப்பாவின் சபையில் பாடப்போவதாகச் சொல்லி அவனும் கிளம்பியிருந்தான். எங்கள் கல்லூரியில் பெயர் வரிசைப்படி அறை கொடுப்பார்கள். ஃபாரண்ட், அடுத்து நான், ஃபென்னர். மூன்று வருடமாக ஒரே அறை. ஆராதனைக் கூடத்திலும் அடுத்தடுத்த இடம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே வருகை எடுப்பார்கள். ஒருவனுக்குத் தாமதமானால் மற்றவன் குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவோம். அவனுக்கு அடித்தொண்டைக் குரல். எனக்கு அது நன்றாக வரும்.

எதிரணி டெல்வேல் நகரம். மைதானமெங்கும் கரித்தூள். இரவு பெய்த மழையில் அது கறுப்புச் சேறாகிவிட்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே நாலாயிரம் பேர். பந்தை நெஞ்சோடு அணைத்தவனை நடுவில் வைத்து, மற்றவர்கள் அவனைச் சுற்றிக் கைகோத்து எதிர்வரிசையை இடித்துத் திறப்பதுதான் ஆட்டம். முதல் இடியிலேயே என் மேல் ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். சேற்றில் என் முகத்துக்கு எதிரே ஒரு முகம். மூக்கின் மேல் தோல் காப்பு. அதற்கு மேலே ஏனோக்கின் கண்கள்.

"இதுதான் உங்க அத்தை வீடா?" என்றான்.

"நீ பாடப் போகலையா?"

"பாடிக்கிட்டுதானே இருக்கேன். உனக்கு என்ன பேர்?"

"மர்ஃபி."

"நான் கேசி. ஞாபகம் வச்சுக்கோடா. என்னை உனக்குத் தெரியாது."

மேலே கிடந்தவன் கத்தினான். "எந்திரிங்கடா! கீழ என்ன கல்யாணம் பேசுறீங்களா?"

அன்று முழுவதும் என் எதிரே நின்றவன் ஏனோக்தான். நன்றாக ஆடினான். ஒவ்வொரு முறையும் எங்களை அவன் நின்ற இடத்திலேயே நிறுத்தினான். இரண்டு பக்கமும் புள்ளி இல்லை. இரண்டாம் பாதியில் எங்கள் கேப்டன் ரீஸ், உலை ஆள், என் கழுத்துப்பட்டையைப் பிடித்தான்.

"உன் முன்னாடிதானே நிக்கிறான் அந்த கேசி? எங்க அடிச்சா சாய்வான்?"

போன மாதம் ஏனோக்கின் இடது தோள் இறங்கியிருந்தது. படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னான். தினமும் நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். எந்த இடத்தில் தொட்டால் பல்லைக் கடிப்பான் என்று என் விரல்களுக்குத் தெரியும்.

"இடது தோள்," என்றேன்.

யோசிக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்தவன் சொல்வதுபோலச் சொன்னேன்.

மூன்று முறை அந்தப் பக்கமே போனோம். மூன்று முறையும் நான்தான் முன்னால். மூன்றாவது முறை அவனால் கையைத் தூக்க முடியவில்லை. தலையைக் கொடுத்தான். குவியலைப் பிரித்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

டாக்டர் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து சேற்றில் மண்டியிட்டார். ஏனோக்கின் காதிலிருந்து நூல்போல ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"உன் பேர் என்ன தம்பி?"

ஏனோக் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"கேசி," என்றான். பிறகு கண்கள் திறந்திருந்தன, பார்வை இல்லை.

டாக்டர் டெல்வேல் மேலாளர் பக்கம் திரும்பினார். "எந்த கேசி?"

"கேசிதான் டாக்டர்."

"சொந்தப் பேரைக் கேக்குறேன்யா."

"ஏஜென்ட் ஒருத்தன் பிடிச்சுக் குடுத்தான். ரயில்ல வந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஆட்டுக்காவது காதுல அடையாளம் போட்டு வச்சிருப்பாங்கய்யா." டாக்டர் எழுந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். "மண்டை விரிசல் விட்டிருக்கு. பொழைப்பானான்னு சொல்ல முடியாது. இவங்க அம்மாவுக்குத் தந்தி அடிக்கணும். இவன் யாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

போன கிறிஸ்துமஸுக்கு ஏனோக்கின் வீட்டில்தான் இருந்தேன். அவன் அம்மா எனக்கு ஒரு ஜோடி கையுறை பின்னிக் கொடுத்தாள். பிராண்டின் கடையில் ஆணியில் தொங்கிய என் கோட்டுப் பையில் அது இருந்தது. ஊர், தெரு, வாசலில் இருந்த இரும்புக் கதவு எல்லாம் எனக்குத் தெரியும். பெயர் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதாக இருக்கும். ரீஸ் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினேன்.

நான் நிமிர்ந்தபோது அவனை ஒரு கதவுப்பலகையில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிராண்ட் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உனக்கு ரயில் அஞ்சு மணிக்கு," என்றார்.

எதைத் தெரிந்துகொண்டு அதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. பந்தயம் கட்டியவர்கள் நிறுத்த விடவில்லை. ஏனோக் நின்ற இடத்தில் வந்தவன் இளைத்தவன். அவனை எளிதாகத் தள்ளிக்கொண்டு போனோம். கோர்வின் ஜெயித்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். "மர்ஃபி! மர்ஃபி!" என்று கத்தினார்கள். நான் கையை அசைத்தேன்.

ரயிலில் குளிர். கையுறையைப் போட்டுக்கொள்ளவில்லை. அவனே கேசி என்றுதானே சொன்னான் என்று நினைத்தேன். அவனுடைய ரகசியத்தைத்தான் நான் காப்பாற்றினேன். இப்படி இரண்டு நிலையங்கள் வரை நினைக்க முடிந்தது. அடுத்து வந்த சந்திப்பு நிலையத்தில் ரயில் கால் மணி நேரம் நின்றது. இறங்கினேன். தந்தி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். ஏனோக்கின் ஊரை எழுதினேன். கீழே அனுப்புபவர் பெயர் என்று ஒரு கோடு இருந்தது.

"சும்மா எதையாவது எழுதலாமா?" என்று கேட்டேன்.

"உனக்குப் பேர் இல்லையா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். காப்பி வாங்கிக் குடித்துவிட்டு ரயிலில் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஆராதனைக் கூடத்தில் கணப்பு இன்னும் சூடேறவில்லை. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. முன்பலகையில் ஏனோக்கின் பாட்டுப் புத்தகம், அவன் வைத்த இடத்திலேயே. பேராசிரியர் ஹோல்கம் குனிந்தபடி பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார்.

"ஃபாரண்ட்."

பென்சில் தாளின் மேல் நின்றது.

"இருக்கேன், சார்," என்றேன். அடித்தொண்டையில். அவன் குரல் அப்படியே வந்தது.

பென்சில் நகர்ந்தது.

"ஃபென்னர்."

பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். அட்டை திறந்துகொண்டது. உள்ளே அவன் அம்மா நீல மையில் அவன் முழுப்பெயரை எழுதியிருந்தாள். அதன் மேல் கையை வைத்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் நகங்களுக்குள் கறுப்புச் சேறு போகவில்லை.

"ஃபென்னர்," என்றார் ஹோல்கம் மறுபடியும், இந்த முறை தலையை நிமிர்த்தி.