சந்தியிலிருந்து ஃபஹ்மியா

கற்பிட்டிப் பக்கம், குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் போட்டோ கொப்பி எடுப்பதற்கும் போனுக்கு ரீலோட் போடுவதற்கும் இருந்த ஒரே கடை ஃபஹ்மியாவுடையது. தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, எத்தனை தரம் துடைத்தாலும் மணல் படிகிற ஒரு மெஷின், அவ்வளவுதான். கோடையில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து எழும்பிவிட்டால் கடைக்குள் வைத்த தேத்தண்ணியிலும் மணல்தான். ஆனாலும் அந்தக் கடை வாசலைப் போல ஊரைப் பார்க்க வாய்ப்பான இடம் வேறில்லை என்று அவள் சொல்லுவாள்.

பார்த்ததையெல்லாம் போனில் பிடித்து, பேஸ்புக்கில் தான் நடத்தும் பக்கத்தில் போடுவது அவளுடைய வழக்கம். முகம் காட்டமாட்டாள். குரல் மட்டும் வரும். "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், சந்தியிலிருந்து ஃபஹ்மியா." அதன் பிறகு அன்றைய ஊர் வரும். நடு றோட்டில் படுத்துக்கொண்டு புத்தளம் பஸ்ஸுக்கு வழிவிடாத கழுதைகள் வரும். வெங்காயத் தோட்டத்தில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் இறைக்கும் ஸ்பிரிங்லர், தண்ணீர் பவுசர் வரும்வரை குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் ஊர்க்கதை பேசும் பெண்கள், தலவிலக் கிறிஸ்தவக் கோவில் திருவிழாவுக்குப் பானை சட்டியோடு போகும் சிங்களச் சனம் நிறைந்த லொறி, கடலையொட்டிய களப்பில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கும் வெள்ளைக்காரர்கள், அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி வலை உலர்த்தும் எத்தாளை ஊர் மீனவர்கள் என்று எதையும் விடமாட்டாள்.

கொழும்பில் வேலை பார்க்கும் அவளுடைய நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, இது பிடிப்பதில்லை.

"கழுதையையும் வெங்காயத்தையும் தவிர ஒனக்கு வேற ஒண்டும் கிடைக்கல்லையா? இங்க ஆக்கள் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும் நானா. சிரிக்கிறதுக்கெண்டாலும் பார்க்கத்தானே வேணும்."

அதற்கு மேல் அவள் வாதாடுவதில்லை. டீவியில் கற்பிட்டி என்றால் டொல்பினும் ஹோட்டலும்தான் வரும். அந்த ஹோட்டல்களுக்கு மீன் கொடுப்பவரையும் பீட்ரூட் கொடுப்பவரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களை ஒருவரும் காட்டாவிட்டால் தான் காட்டுவது என்று தீர்மானித்திருந்தாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், வெயில் உச்சியில் நிற்கும்போது, கண்டக்குழியிலிருந்து ஓர் ஆட்டோ வந்து கடை வாசலில் நின்றது. மாக்கிறட் இறங்கினாள். கண்டக்குழியில் மீன்பிடிக்கும் யோசேப்புவின் மனைவி. எப்போதும் பெரிய குரலில் சிரித்துப் பேசுகிறவள், அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, இவரும் என்ட தம்பி நிலுக்சனும் விடியமுன்னம் போனவங்க. இன்னும் கரைக்கு வரயில்ல."

"எந்தப் பக்கம் போனாங்க அக்கா?"

"மேற்குக் கடல் சரியில்லையெண்டு வடக்கால தீவுப் பக்கம் போறம் எண்டாங்க. காலைச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேணும். போன் எடுத்தா வேலை செய்யயில்ல. எங்கட ஆக்கள் போட் எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்காங்க, நேவிக்கும் சொல்லியாச்சு. நீ அந்தப் போனைப் பிடிச்சு ஒருக்காச் சொல்லு. நிறையப் பேர் பார்க்கிறாங்க எண்டு சொல்லுறாங்களே."

ஃபஹ்மியா போனைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினாள். பவுசர் வரும் நேரத்தையும் காணாமல் போன ஆட்டுக்குட்டியையும் சொல்லிப் பழகிய வாய் அது. இரண்டு உயிரைப் பற்றி அதே வாயால் எப்படிச் சொல்வது? ஆனால் மாக்கிறட் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டு, ஃபஹ்மியா போனில் பழைய படங்களைத் தேடினாள். பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் அவள் கண்டக்குழிக் கரையில் எடுத்த வீடியோ அதில் இருந்தது. யோசேப்பு தன் படகுக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடிக்கிறார். பக்கத்தில் நின்று மாக்கிறட், "அந்தப் பக்கம் விட்டுப்போச்சு, கண் தெரியாதா" என்று ஏசுகிறாள். படகின் முன்பக்கம், அணியத்தில், சிவப்பு எழுத்தில் "அன்னம்மாள்" என்ற பெயர்.

அந்த வீடியோவைப் போட்டு, அதனோடு தன் குரலில் சொன்னாள். பச்சைப் படகு, பெயர் அன்னம்மாள், இரண்டு பேர், யோசேப்புவும் நிலுக்சனும், போன திசை இன்னது, கண்டவர்கள் உடனே அழையுங்கள். சொல்லும்போது குரல் ஓரிடத்தில் உடைந்தது. திருப்பி எடுக்க நேரமில்லை என்று அப்படியே விட்டாள்.

பதில்கள் மளமளவென்று வந்தன. குவைத்திலிருந்து துஆ வந்தது, இத்தாலியிலிருந்து மாதாவின் படம் வந்தது, எத்தாளையிலிருந்து யார்யாரோ அழுகிற முகங்களை அனுப்பினார்கள். கடலில் தேடுவதற்கு உதவுகிற பதில் ஒன்றும் இல்லை. ஃபஹ்மியா வாசலுக்கு வந்தாள். றோட்டில் கிடந்த பொலித்தீன் பை ஒன்று காற்றில் உருண்டு வடகிழக்குப் பக்கமாக ஓடியது. அவள் அதையே பார்த்தாள்.

"அக்கா, என்ஜின் நிண்ட போட் எங்க போகும்?"

"காத்து இழுக்கிற பக்கம்தான் போகும்."

"காத்து அக்கரைக்குத்தானே இழுக்குது."

அக்கரை என்றால் மன்னார்ப் பக்கம். குதிரைமலை, அதற்கு அங்கால் சிலாவத்துறை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது ஃபஹ்மியாவுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. மர்ளியா. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, இந்த மணலில் ஓலைக் கொட்டில்களில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்துவிட்டு, பிறகு ஊர் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. மர்ளியா பிறந்ததே இங்கேதான். ஃபஹ்மியா போடுகிற ஒவ்வொன்றின் கீழும் எதையாவது எழுதாமல் விடமாட்டாள். "இந்தக் கழுதைட உம்மாவ எனக்குத் தெரியும்" என்று ஒரு தரம் எழுதியிருந்தாள். நேரில் கண்டதில்லை, பேசியதுமில்லை. ஃபஹ்மியா மெசெஞ்சரில் கோல் எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுபட்டது.

"பார்த்திட்டன் ராத்தா," என்றாள் மர்ளியா. "நான்தான் எடுக்க இருந்தன். எங்கட மக்பூல் நானாவும் நானும் கரையிலதான் நிக்கிறம். போனைக் கொடுக்கிறன்."

மக்பூலின் குரல் காற்றின் இரைச்சலுக்குள் வந்தது. ஃபஹ்மியா ஸ்பீக்கரைப் போட்டு மாக்கிறட்டின் பக்கம் நீட்டினாள்.

"நங்கூரம் இரிக்கா அக்கா?"

"இருக்கு, சின்னது. இந்தக் காத்துக்குப் பிடிக்காது."

"தண்ணி?"

"ஒரு கேன் கொண்டுபோவாங்க."

"அப்ப குதிரைமலைப் பக்கம்தான் இழுபட்டிரிக்கும். நாங்க இறங்கிறம். நீங்க மனசத் தளர விடாதீங்க."

"தம்பி, கடல் பொல்லாத கடலா இருக்கு."

"எங்களுக்கும் அது தெரிஞ்ச கடல்தான் அக்கா," என்றான் அவன்.

சிலாவத்துறையிலிருந்து மூன்று படகுகள் இறங்கின. மர்ளியா கரையில் நின்று அதை வீடியோ எடுத்து அனுப்பினாள். அலை தூக்கி அடிக்க, படகுகள் ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு போவது தெரிந்தது. ஃபஹ்மியா அதைத் தன் பக்கத்தில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. ஐஸ் லொறி ட்ரைவர் லொறியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றார். மிளகாய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கைகூடக் கழுவாமல் வந்தார்கள். பகல் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர்கள், பள்ளியில் துஆக் கேட்டதாகச் சொன்னார்கள். கண்டக்குழிக் கோவிலில் செபம் நடப்பதாக ஆட்டோக்காரன் செய்தி கொண்டுவந்தான். எதிரே ரொட்டிக் கடை வைத்திருக்கும் பஸீஹா கேட்காமலே எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். மாக்கிறட் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவளுடைய மறுகையில் செபமாலை இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. ஃபஹ்மியா அடிக்கடி போனைப் பிடித்து, "இன்னும் செய்தி வரல்ல, தேடுறாங்க" என்று மட்டும் சொன்னாள். தெரியாத எதையும் சொல்லக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். யாரோ ஒருவர், படகு கவிழ்ந்ததாம் என்று எழுதினார். அவள் அதை அழித்துவிட்டு, "கண்ணால கண்டவங்க மட்டும் எழுதுங்க" என்று கண்டிப்பாக எழுதினாள்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் போன் அடித்தது. கடையில் இருந்தவர்கள் அவளைச் சுற்றி நெருங்கினார்கள்.

"ராத்தா," மர்ளியாவுக்கு மூச்சு வாங்கியது. "கிடைச்சிட்டாங்க. அந்த இடத்தில சிக்னல் இல்ல, ஒரு போட் இதச் சொல்லத் திரும்பி வந்திரிக்கு. மத்தது ரெண்டும் கட்டி இழுத்துக்கொண்டு வருது."

மாக்கிறட் எழுந்து நின்றாள். "ரெண்டு பேருமா?"

"ஓம் அக்கா. ரெண்டு பேரும்."

"கதைக்கிறாங்களா?"

"கதைக்கிறாங்களாம். நல்லாப் பசிக்குதெண்டாங்களாம்."

மாக்கிறட் கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். பிறகு ஃபஹ்மியாவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். மிளகாய்ப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைக்கப்போய்க் காரம் பட்டு முனகினாள். அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இருவரும் அந்த இரவைச் சிலாவத்துறையில் கழித்தார்கள். அடுத்த நாள் காலை, காற்று எழும்புவதற்கு முன்னரே புறப்பட்டு, அன்னம்மாளைக் கட்டி இழுத்தபடி சிலாவத்துறைப் படகுகள் கற்பிட்டித் துறைக்கு வந்தன. ஊர் பாதி அங்கேதான் நின்றது. நிலுக்சன் பின்னால் வர, யோசேப்பு இரவல் சேட்டு ஒன்றோடு இறங்கினார். உப்பும் வெயிலும் பட்டு முகம் வெடித்திருந்தது. மாக்கிறட் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "சேட்டு யாருடையது?" என்று மட்டும் கேட்டாள்.

"மக்பூல் தம்பிட," என்றார் யோசேப்பு. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் அதிகம் பேசுகிற மனிதரல்ல. ஆனால் அன்று பேசினார்.

"என்ஜின் நிண்டு, கரையும் மறைஞ்சு, இனி அவ்வளவுதான் எண்டு இருந்தம். அந்த நேரம் ஒரு போட் வருது. எனக்கு முன்பின் தெரியாத ஆக்கள். கிட்ட வந்து, 'யோசேப்பு அண்ணன், பயப்பிடாதீங்க' எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. நடுக்கடலில என்னை எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். 'பெயின்ட் அடிக்கேக்க உங்களுக்கு ஏச்சு விழுந்ததப் பார்த்தம்' எண்டாங்க."

துறையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாக்கிறட் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மக்பூல், நாற்பது வயது மதிக்கத்தக்க கறுத்த மனிதன், படகின் விளிம்பில் நின்றபடி ஃபஹ்மியா யார் என்று கேட்டான். பத்துக் கைகள் அவளைக் காட்டின.

"எங்கட வீட்டுல சோறு வைக்க முந்தி ஒங்கட பக்கத்தத்தான் பார்க்கிறது," என்றான். "என்ட புள்ளைகள் நாங்க ஊர் திரும்பின பிறகு அங்க பொறந்தவங்க. இந்த மண்ண மிதிச்சதில்ல. ஆனா இங்க எந்தச் சந்தியில எந்தக் கடை இரிக்கி எண்டு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க."

ஃபஹ்மியா தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஐஸ் லொறிக்காரர், பஸீஹா, வெங்காயத் தோட்டத்துக்காரர்கள், எல்லோருடைய முகமும் நிமிர்ந்திருந்தது. தாங்கள் வாழ்கிற வாழ்வைக் கடலுக்கு அப்பால் ஒரு ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள். அவளும் அப்போதுதான் அறிந்தாள்.

படகிலிருந்து கடைசியாக இறங்கியவள் ஒரு மெல்லிய பெண். கறுப்பு அபாயா முழங்கால்வரை நனைந்திருந்தது. வந்ததும் வராததுமாக ஃபஹ்மியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா வேணாமெண்டாங்க. நான் ஏறி உக்காந்திட்டன்," என்றாள் மர்ளியா. "நாங்க இருந்த இடம் இப்ப எப்பிடி இரிக்கி ராத்தா? நீங்க அந்தப் பக்கம் ஒரு நாளும் காட்டினதில்ல."

"அங்க இப்ப பீட்ரூட் போட்டிரிக்காங்க. பார்க்கணுமா?"

"பார்க்கத்தானே வந்த."

யோசேப்புவின் வீட்டில் பகல் சாப்பாடு என்று மாக்கிறட் ஏற்கெனவே அறிவித்துவிட்டிருந்தாள். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஃபஹ்மியா மர்ளியாவைத் தன் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். மக்பூலும் கூட வந்தவர்களும் இரண்டு ஆட்டோக்களில் ஏறினார்கள். எரிபொருள் நிலையத்தைத் தாண்டும்போதே செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தது. வேலியோரம் பெண்கள் வந்து நின்றார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு ட்ரைவர் கையை அசைத்தார். கடை பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பிய ஒருவர், கொப்பி எடுக்க வேண்டிய காகிதத்தை உயர்த்திக் காட்டி, "பிறகு வாறன், பிறகு வாறன்" என்று அவளை அனுப்பிவைத்தார்.

காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. முகத்தில் மணல் பட, பின்னால் இருந்த மர்ளியா அவளுடைய தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். தோட்டங்கள் தொடங்கும் வளைவில் ஃபஹ்மியா வண்டியை மெதுவாக்கினாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது. அவள் கையை நீட்டி, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.