அரை அங்குலம்

"அப்பா பக்கத்துல உக்காருடி," என்று மகளின் தோளைப் பிடித்து அழுத்தினாள் தையல்காரரின் மனைவி. பத்தாம் வகுப்புக்காரி பாதி குனிந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள்.

"முடியலம்மா. இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் சுண்டி இழுக்குது."

"என் தம்பி காலையிலதான் போயிருக்கான். இன்னைக்குமா நடிப்பு?" என்றாள் நாத்தனார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

நடிப்பு! அந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இவள்தான். பரீட்சை வந்தால் வலி வருமாம் என்று ஆறு மாதமாக இதே பாட்டு. மகளின் பள்ளிப் பாவாடை ஒரு பக்கம் இறங்கித் தொங்கியதும், "என் வெட்டுலதான் கோளாறு" என்று தையல்காரர் பிரித்துத் தைத்தார். மூன்று முறை தைத்தார். நாலாவது முறையும் இறங்கியபோது டேப்பைக் கீழே வைத்துவிட்டு, கோளாறு இடுப்பில்தான் என்று மகளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். "வேலையத்த வேலை" என்று நாத்தனார் கத்தினாள். இன்று காலை மெஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை.

மனைவியின் மடியில் கிடந்த அவருடைய செல்போன் அடித்தது. டாக்டர்.

"முதுகுத்தண்டுக்குள்ள நீர்க்கட்டி. நரம்பு வேரை அழுத்திக்கிட்டிருக்கு. பொண்ணுக்குக் கால் மரத்துப்போச்சா? யூரின் சரியா போகுதா?"

அவள் மகளைக் கேட்டாள்.

"நேத்து ராத்திரிலேர்ந்து போகலம்மா. பாதத்துல உணர்ச்சியே இல்ல. இந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

"உடனே கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர். "தாமதிச்சா காலு போயிடும்."

மணி மூன்று. நாலுக்கு எடுக்கிறார்கள்.

"எடுத்தப்புறம் போ. ஊரு காறித் துப்பும்," என்று வழியை மறித்தாள் நாத்தனார்.

"துப்பட்டும். நகருங்க அண்ணி."

பாவி, ஆறு மாதம் குருடியாக இருந்தேனே! புருஷனின் முகத்தை ஒரு தரம் தொட்டாள். மகளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றி ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பள்ளிப் பாவாடை மட்டும் அவள் கையில் மிஞ்சியது. மடித்தாள், ஓரங்கள் சேரவில்லை. ஒரு பக்கம் அரை அங்குலம் குட்டை. உள்மடிப்பில் பழைய ஊசித் துளைகள், மூன்று வரிசை.

நாலரைக்கு நாத்தனாரிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: "எடுத்தாச்சு."

இருட்டும் நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கண் முழிச்சிட்டா. கால் கட்டைவிரலை ஆட்டச் சொன்னோம், ஆட்டுறா."

அவள் தலையசைத்தாள். பிறகு பாவாடையை மடியில் விரித்து, குட்டையான பக்கத்தின் தையலை நகத்தால் பிரிக்கத் தொடங்கினாள்.