வேன் மேல் குளம்

என் கணவரின் அண்ணன் தசரதனுக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது. பட்டு நெய்கிற அந்தக் கைக்கும் இந்த வாய்க்கும் எப்படித்தான் ஒத்துப்போகிறதோ தெரியவில்லை.

மாமனார் செத்ததும் ஆரணி வீட்டை அவர் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் காலி மனையை எங்களுக்கு ஒதுக்கினார். வீடு கட்ட எங்களுக்கு வழியில்லை. சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டு ஓடிய பழைய வேன் ஒன்றை என் கணவர் துரைக்கண்ணு ஏலத்தில் எடுத்து அங்கே நிறுத்தினார். என்ஜின் செத்த வண்டி. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அப்போதுதான் தசரதனுக்கு மனை மேல் ஆசை திரும்பியது. தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட அந்த இடம் தோதாக இருக்குமாம்.

தெருக்காரர்களைப் பஞ்சாயத்துக்குக் கூட்டினார். "அங்க வூடுன்னு ஒண்ணு இருந்தா நான் வாயே தெறக்க மாட்டேன். இது வண்டி. வண்டின்னா ஓட்டிகினு போவணும்" என்றார். தெருப் பெரியவர் வேடியப்பனும் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் போக வேறு இடம் ஏது?

ஐப்பசியில் மழை பிடித்தது. மைக் செட்டுக்காரர்கள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து வேன் கூரை நடுவில் குழிந்திருந்தது. ஒரு மழைக்கே அங்கே குளம். ஆணி ஓட்டை வழியாக என் அரிசிப் பானையில் சொட்டியது. தார் பூசினோம், அடங்கவில்லை. துடைப்பத்தால் தள்ளினால், "என் செவுத்து மேலயாடா தண்ணி வுட்ற?" என்று தசரதனின் கத்தல். என் கணவர் ரப்பர் குழாயை மேலே போட்டு, வாயால் உறிஞ்சி, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு இறக்கினார். மறுநாள் குழாய் துண்டு துண்டாகக் கிடந்தது.

"என் வாசல்ல கெடந்துச்சு, அறுத்தேன்" என்றார் தசரதன், கத்தியைத் துடைத்தபடி.

கையிலிருந்த சொம்பை அவர் மேல் எறியப் போனேன். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு கன்னியம்மா, அண்ணன்தானே."

"அண்ணனாம் அண்ணன்! நீங்களே போயி அவரு வூட்ல படுத்துக்குங்க."

அதன் பிறகு தண்ணீர் கூரையிலேயே நின்றது நின்றதுதான். பாசி பிடித்துப் புழு நெளிந்தது. கொசுக்கடியில் நான் திட்டாத திட்டில்லை.

ஒருநாள் காலை, எங்கள் மேல் புகார் எழுதவைக்கத் தசரதனே மலேரியாக்காரர் அருணகிரியைக் கையோடு கூட்டிவந்தார். வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்து, சுவரில் எண்ணும் தேதியும் எழுதிப் போகிறவர். ஏணி வைத்து ஏறி, கரண்டியில் மொண்டு பார்த்தார்.

"புழு மொய்க்குதுங்க. ஆனா வண்டின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுக்கு வீடுங்க மட்டும்தான். இது வண்டிங்களா, வீடுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தசரதன் பாய்ந்தார். "இன்னா சார் வண்டி? மூணு வேளையும் இங்கதான் பொங்கித் துன்றாங்க, இங்கதான் தூங்கறாங்க. வூடுதான் சார்! ஜல்தியா எழுதுங்க!"

தெருவே பாவு வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வேடியப்பனும் இருந்தார்.

அருணகிரி தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார். குழிவில் ஓட்டை போட்டு, பைப் வைத்துச் சாக்கடைக்கு இறக்கச் சொன்னார். பிறகு காவி தொட்டு, தசரதன் வீட்டுப் பதினாலுக்கு அடுத்ததாக, எங்கள் கதவில் '14அ' என்று பெரிதாக எழுதினார்.

வேடியப்பன் எழுந்து துண்டை உதறினார். "அப்புறம் இன்னா தசரதா? வூடுன்னு நீயே சொல்லிட்டே. இனிமே வாய் தெறக்காதே."

தசரதன் விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியோடு எங்கள் கதவருகே வந்து நின்றார், எழுத்தை அழிக்க. நான் கதவை விரியத் திறந்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொன்னேன்:

"வாங்க மாமா. வூட்டுக்கு வந்தவங்க இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுகினு இருக்கீங்க? உள்ள வந்து குந்துங்க."