வில்லிஸ் ஜீப்பின் சொந்தக்காரர்கள்

கொக்கட்டிச்சோலை அழகரத்தினத்திடம் அவருடைய ஜீப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அரை மணித்தியாலம் போய்விடும். அவர் 1907இல் இருந்துதான் தொடங்குவார். அமெரிக்காவில் ஓவர்லாண்ட் என்று ஒரு சின்னக் கார்க் கம்பனி. ஜோன் வில்லிஸ் என்ற வியாபாரி அவர்களிடம் கார்களுக்கு ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கார் வரவில்லை. நேரே போய்ப் பார்த்தால் கம்பனி மூழ்கிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்பாமல் அந்தக் கம்பனியையே கையில் எடுத்து, ஒரு சர்க்கஸ் கூடாரத்தை அடித்து, அதற்குள் வைத்துப் பாகங்களைப் பூட்டிக் கார் செய்தார். சில வருடங்களில் அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரிய கம்பனியாக அது வளர்ந்தது. முப்பதுகளில் மறுபடியும் விழுந்தது. உலக யுத்தத்தில் இராணுவத்துக்கு ஜீப் செய்து எழுந்தது. யுத்தம் முடிந்ததும் அதே வண்டியைக் கமக்காரர்களுக்கு விற்றது. 1953இல் கம்பனி இன்னொருவர் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் பல கைகள்.

“ஆனா வண்டி அதே வண்டிதான்” என்று முடிப்பார். அவர் சொல்வதை முதல் தரம் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மனைவி சுலோஜனா அதற்கிடையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர் அழகரத்தினம். அந்த ஜீப் அவரிடம் விலைக்கு வந்ததல்ல. 2007இல் சண்டை முடிந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சனம் திரும்பியபோது, அவருடைய வயல் வட்டையின் ஓரத்தில் பற்றைக்குள் அது கிடந்தது. சில்லு இல்லை, சீற் இல்லை. தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு நாவல் கன்று மேலே வந்திருந்தது. பொலிஸுக்கு அறிவித்தார். கேட்டு ஆள் வந்தால் பார்ப்போம் என்றார்கள். இரண்டு வருடம் ஒருவரும் வரவில்லை. ட்ரக்டரில் கயிறு கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எஞ்சினை மூடும் பொனற் வழக்கத்தை விட உயரமாக இருந்ததை வைத்துத்தான் அது சீஜே-3பி என்று கண்டுபிடித்தார். பழைய வண்டிக்குள் உயரமான புது எஞ்சினை அடக்குவதற்காகக் கம்பனி பொனற்றைத் தூக்கிவிட்ட மொடல் அது. அழகு கெட்டுப்போயிற்று என்று அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. அழகரத்தினத்துக்கு அந்த முகம் பிடித்திருந்தது.

இணையத்தில் வில்லிஸ் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. திணைக்களக் கடிதம் எழுதுகிற மாதிரியே அதற்கும் எழுதி அவர் சேர்ந்துகொண்டார். ஒஹாயோவில் டெனிஸ் என்ற கிழவர் காபரேட்டருக்குத் தேவையான சின்னச் சாமான்களைத் தபாலில் அனுப்பினார். பிலிப்பைன்ஸில் ஒருவர் பிரேக் பிடிக்காமல் கோழிக்கூட்டுக்குள் போன கதையை எழுதினார். அவுஸ்திரேலியாவில் ஒரு பெண், தன் தகப்பனைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டுபோனதாக எழுதியிருந்தாள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் தம் வண்டியின் படத்துக்குக் கீழே, முதல் ஆளில் இருந்து தாம் வரைக்கும் சொந்தக்காரர்களின் பெயர்களை எழுதுவார்கள். அழகரத்தினம் ‘முன்னைய சொந்தக்காரர் தெரியாது’ என்று எழுதினார்.

2014 வரைக்கும் அது உண்மை. அந்த வருடம் முன் பம்பரைச் சுரண்டியபோது, பச்சை, கறுப்பு வர்ணங்களுக்கு அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது. ஈ.வை. 3817. கொழும்பில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வேலை செய்த பழைய கூட்டாளி ஒருவரிடம் கேட்டார். இரண்டு கிழமையில் பதில் வந்தது: அகமதுலெவ்வை சரீப், ஏறாவூர்.

ஏறாவூர் தூரமில்லை. மண்முனைப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பைத் தாண்டினால் மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். அழகரத்தினம் அந்தக் கடதாசியை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். போனால் ஜீப் போய்விடும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. இந்தக் கிழமை வெள்ளாமை வெட்டு, அடுத்த கிழமை ஒரு கலியாணம் என்றுதான் சொல்லிக்கொண்டார். அப்படியே பதினொரு வருடம் போயிற்று. ஜீப் வரம்புப் பாதைகளில் மட்டும் ஓடியது. பெரிய ரோட்டுக்கு ஒருநாளும் ஏறவில்லை.

அவரை அசைத்தது ஒரு விண்ணப்பப் படிவம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பழைய வாகனக் கண்காட்சி ஒன்றை ஒழுங்கு செய்த விரிவுரையாளர் நிதுர்ஷன், ஜீப்பின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

“ஐயா, இந்த மாவட்டத்தில இப்பிடி ஒண்டு வேற இல்ல. கட்டாயம் கொண்டு வரோணும். பதிவுப் புத்தகத்தின்ட பிரதி ஒண்டு மட்டும் வேணும்.”

“அது இன்னும் என்ட பேருக்கு மாறல்ல.”

“அப்ப பழைய சொந்தக்காரரிட்ட ஒரு கடிதம் வாங்கித் தாங்க, காணும்.”

நிதுர்ஷன் போன பிறகு சுலோஜனா சொன்னாள்: “ஃபைலுக்குள்ள கிடக்கிற பேர்காரர்ர வீட்ட போங்களன். எனக்கும் அந்தக் கடதாசி தெரியும்தானே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனார்.

சரீப் உயிரோடு இல்லை. 2011இலேயே மௌத்தாகியிருந்தார். வீட்டில் மனைவி ஆமினா உம்மாவும் மகன் றிப்ஷானும் இருந்தார்கள். றிப்ஷான் பதினைந்து வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து, இப்போது சந்தியில் ஃபோன் கடை வைத்திருந்தான். நாற்பத்தொரு வயது. அழகரத்தினம் கதிரையில் இருந்து, படத்தை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் சர்க்கஸ் கூடாரம் வரைக்கும் போய்விட்டார். ஆமினா உம்மா கையைக் காட்டி நிறுத்தினா.

“அந்தச் சனியனா? அது இன்னும் சாகல்லயா?”

 இவர்கள் அழுவார்கள், அல்லது சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவர் அவர்.

“தம்பி, உங்களுக்கு அதப் பத்தி என்ன தெரியும்?” என்றா ஆமினா உம்மா. “எழுவத்தியொண்டுல தோட்டத்துத் துரை ஒருத்தருக்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டு வந்தாரு. வாழைச்சேனையில ஐஸ் ஏத்தி மீன்காரங்களுக்குக் குடுக்கிற. ஒரு காலம்பறயாவது ஒழுங்கா ஸ்ராட் வரல்ல. நான்தான் தள்ளுற. இவன்ட ராத்தா, மூத்தவள், வயித்துல இருக்கக்குள்ளயும் தள்ளினன். ஐஸ் தண்ணி ஒழுகி அடித்தகடு உக்கிப்போச்சு. அதுக்கும் நான்தான் சாக்கு விரிக்கிற.”

“தகடு முழுக்கப் புதுசாப் போட்டிருக்கன், ராத்தா.”

“நல்லம்.”

றிப்ஷான் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “வாப்பா சொல்லுவாரு. எம்பத்தாறுல இயக்கக்காரங்க ஆயுதத்தோட வந்து கொண்டுபோயிட்டாங்க எண்டு. ஐயா, அப்ப இது எங்கடதானே?”

“ஓம்” என்றார் அழகரத்தினம். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவருக்குப் பதினொரு வருடம் பிடித்தது. சொன்ன பிறகு அது அவ்வளவு பாரமாக இருக்கவில்லை. “நீங்க கேட்டா நான் தரத்தான் வேணும்.”

“இந்த வளவுக்குள்ள அது வரப்படாது” என்றா ஆமினா உம்மா.

“ஏன் உம்மா?”

அவ முந்தானையை இழுத்துத் தலையில் சரி செய்துகொண்டு, மகனைப் பார்க்காமல் அழகரத்தினத்தைப் பார்த்தே சொன்னா.

“பின்னேரம், அசர் தொழுகை நேரம், நாலு பேர் வந்தாங்க. வாகனங்கள எடுக்கிறாங்க எண்டு அவருக்கு முதலே காதுல விழுந்திட்டு. ரோட்டரக் கழட்டி, அது இல்லாட்டி எஞ்சின் ஸ்ராட் வராது எண்டு, என்ட கையில தந்து, ஒளிச்சு வை எண்டாரு. அரிசிப் பானைக்குள்ள வெச்சன். அவங்க ஸ்ராட் பண்ணிப் பாத்தாங்க, வரல்ல. ஒருத்தனுக்கு வேலை தெரியும் போல. பொனற்றத் தூக்கிப் பாத்திட்டுக் கேட்டான், எங்க ரோட்டர் எண்டு. இவரு தெரியா எண்டாரு. கீழ விழுத்தி, கைய மிதிச்சாங்க. விரல் முறியிற சத்தம் எனக்குக் கேட்டிச்சு. நான் போய் அரிசிக்குள்ள கைய விட்டு எடுத்துக் குடுத்துட்டன்.”

றிப்ஷான் ஃபோனை மடியில் வைத்தான். “வாப்பா அப்பிடிச் சொல்லல்லயே. அவங்களே வேற வண்டியில இருந்து ரோட்டர் கொண்டுவந்து போட்டாங்க எண்டுதான் சொன்னாரு.”

“ஓம், எல்லாருக்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாரு. மௌத்தாகிற வரைக்கும். என்னக் காப்பாத்த மறைச்சாரா, இல்ல பொண்டாட்டி எடுத்துக் குடுத்தாள் எண்டு சொல்ல வெக்கப்பட்டாரா, எனக்குத் தெரியா. நானும் கேக்கல்ல.”

 வெளியே தெருவில் பாண் விற்கிறவரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று.

“இந்த நம்பர் உங்களுக்கு எப்ப தெரிஞ்ச?” என்று கேட்டா ஆமினா உம்மா.

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். அழகரத்தினம் அதை ஒரு கணம் யோசித்தார்.

“பதினொரு வருசமாத் தெரியும்.”

“அப்ப, அவரு மௌத்தாகி மூணு வருசத்துக்கு மறுகாதான்.”

“ஓம் ராத்தா. ஆனா அதுவும் எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அவர் உசிரோட இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டும் நான் வரல்ல.”

றிப்ஷான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அழகரத்தினம் கொண்டுவந்திருந்த பெயர் மாற்றப் படிவத்தை ஆமினா உம்மா வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு திருப்பிக் கொடுத்தா.

“கண்காட்சியில ஏதோ எழுதி வெப்பாங்கதானே? வண்டியப் பத்தி.”

“ஓம், ஒரு பலகை.”

“அதுல நடந்தத எழுதுங்க. நான் குடுத்ததையும். நீங்க வெச்சிருந்ததையும். நான் வந்து வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வெக்கிறன்.”

அழகரத்தினம் அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினார். முதலில் எழுதியதில் ஒன்றரைப் பக்கம் அமெரிக்காதான். கூடாரம், யுத்தம், உயரமான பொனற் எல்லாம் இருந்தன. சரீபின் பெயர் கடைசிப் பந்தியில் ஒரு வரியாக வந்தது. அதை சுலோஜனாவிடம் வாசித்துக் காட்டினார்.

“இது கம்பனிக்காரன் எழுதினது மாதிரி இருக்கு” என்றாள் அவள்.

அடுத்த மூன்று நாளில் அமெரிக்கா நாலு வரியாகச் சுருங்கியது. பதினொரு வருடம் போகாததற்கு ‘வெள்ளாமை வேலையினால்’ என்று எழுதி, வெட்டி, ‘ஜீப்பை இழக்க விருப்பமில்லாததால்’ என்று எழுதினார். அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

நிதுர்ஷன் பலகைக்கான எழுத்தை வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார். “ஐயா, கம்பனி வரலாறு மட்டும் போட்டாக் காணாதா? மத்த வண்டிகளுக்கெல்லாம் எஞ்சின் அளவு, தயாரிச்ச வருசம், அவ்வளவுதான் போட்டிருக்கம். இது... சனம் பலவிதமாக் கதைக்கும்.”

“அப்ப ஜீப்பையும் விடுவம், தம்பி.”

“ஐயோ, நான் அப்பிடிச் சொல்லல்ல.”

நிதுர்ஷன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, கையெழுத்து கண்காட்சி அன்றுதான் வரும் என்பதையும் ஏற்று, தானே அச்சடிப்பித்தார். எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

ஜீப்பை லொறியில் ஏற்றி வந்தாறுமூலைக்குக் கொண்டுபோனார்கள். கண்காட்சி நாளன்று மாணவர்கள் அதன் மீது சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். பலகையைப் பெரும்பாலானோர் முதல் இரண்டு வரியோடு விட்டுவிட்டார்கள். சிலர் முழுக்க வாசித்தார்கள். வாசித்தவர்கள் பிறகு ஜீப்பில் சாயவில்லை. அழகரத்தினம் சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வாசிக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தார். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வாசித்து முடித்து, “இதில எழுதியிருக்கிற அழகரத்தினம் ஆரு?” என்று கேட்டார். “நான்தான்” என்றார். கேட்டவர் அடுத்த வண்டிப் பக்கம் போய்விட்டார்.

பதினொரு மணியளவில் ஆமினா உம்மாவும் றிப்ஷானும் வந்தார்கள். உம்மா ஜீப்பைப் பார்க்கவில்லை. நேரே பலகைக்குப் போனா. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து வாசித்தா. முடிப்பதற்கு நேரம் பிடித்தது.

“பிழை ஒண்டு இருக்கு.”

அழகரத்தினம் எழுந்து வந்தார். “என்ன ராத்தா?”

“நாலு பேர் வந்து அடிச்சாங்க எண்டு கிடக்கு. அடிச்ச மூணு பேர். நாலாவது பொடியன் கடப்படி வாசல்லயே நிண்டான், உள்ள வரல்ல. எல்லாம் முடிஞ்ச மறுகா எனக்கிட்டத் தண்ணி கேட்டான். குடுத்தன். அதயும் எழுதுங்க.”

அச்சடித்த பலகையில் எப்படித் திருத்துவது என்று நிதுர்ஷன் பக்கத்தில் நின்று தயங்கினார். அழகரத்தினம் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, ‘நால்வர்’ என்ற சொல்லை வெட்டி, மேலே எழுதினார். தண்ணீர் கேட்ட விஷயத்தை ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி, ஒரு கோடிழுத்து உரிய இடத்தில் சேர்த்தார். ஆமினா உம்மா அதையும் வாசித்தா.

பிறகு ஜீப்பை அழகரத்தினத்தின் பெயருக்கு மாற்றும் படிவத்தை வாங்கி, ஜீப்பின் பொனற் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டா. றிப்ஷானும் அவனுடைய ராத்தாவும் தங்கள் கையெழுத்தை ஏற்கனவே வைத்திருந்தார்கள். பொனற் வெயிலில் சுட்டிருக்க வேண்டும். உம்மா கையைச் சட்டென்று எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டா.

“ஐயா,” என்றான் றிப்ஷான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது. “ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாக்கலாமா?”

அழகரத்தினம் ஜீப்பின் திறப்பைக் கொடுத்தார். கிளட்ச் கொஞ்சம் தடிப்பு, மெல்ல விடோணும் என்றார். முதல் தரம் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டாம் தரம் பிடித்தது. மைதானத்தைச் சுற்றி ஜீப் மெல்லப் போக, அதன் சத்தம் கூடிக் குறைந்து வந்தது. அழகரத்தினம் தன் ஜீப்பை வேறொருவர் ஓட்டி அன்றுவரைக்கும் வெளியில் நின்று பார்த்ததில்லை. இடது பக்கம் கொஞ்சம் சரிந்து ஓடுவதை அப்போதுதான் கவனித்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றா ஆமினா உம்மா. “தள்ளாமலே ஸ்ராட் வருது.”

“நீங்களும் ஏறிப் பாருங்களன் ராத்தா.”

“எனக்கு ஒண்ணா, நான் ஏற மாட்டன்.”

றிப்ஷான் இரண்டாவது சுற்றையும் தொடங்கினான். உம்மா கையைத் தூக்கி, போதும் என்று காட்டினா. அவன் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, திறப்பை அழகரத்தினத்தின் கையில் வைத்தான். உம்மாவும் மகனும் வாசலுக்கு நடந்துபோய், ஏறாவூர் பஸ்ஸுக்கு நின்றார்கள்.