நீலக் கூடாரம்

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன?

இப்படி ஓர் எண்ணம் வந்ததற்காக மார்லிஸ் திடுக்கிடவில்லை. வெகு நாளாக வெளியே காத்திருந்த யாரையோ இன்றுதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். எதிரே, கல்லெறியும் தூரத்தில், சிவப்புச் சிறுபழப் புதருக்குள் அந்தப் பெரிய பழுப்பு முதுகு ஆடிக்கொண்டிருந்தது. கிளையை வாயால் உருவி, பழத்தை மட்டும் தின்றுவிட்டு இலையைத் துப்பியது. காற்று அதன் பக்கமிருந்து அவள் பக்கம் வீசியதால் அதற்கு இவள் வாடை எட்டவில்லை.

கூடாரம் போடுவதற்கு முன் பின்பக்கத்துப் புதர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது வழிகாட்டியான அவள் வேலை. கரடி கண்ணில் பட்டால் உடனே திரும்பிப்போய் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். சாமானை மறுபடியும் படகில் ஏற்றிக்கொண்டு வேறு கரை பார்க்க வேண்டும். சாயங்காலம் அடுப்பு மூட்டுமுன் சேட்டிலைட் கருவியில் சேதி அனுப்ப வேண்டும்: எந்தக் கரை, எத்தனை, என்ன செய்தது, மனிதர் உணவு அதன் வாய்க்குப் போனதா. அந்தச் சேதி வனத்துறை வழியாகப் பின்னால் வருகிற படகுகளுக்குப் போய்ச் சேரும். சாம்பலாற்றில் மூன்று வாரத்துக்கு ஊர் கிடையாது, சாலை கிடையாது. முன்னால் போனவன் சொல்லுகிற வார்த்தையை நம்பித்தான் பின்னால் வருகிறவன் கண்ணை மூடித் தூங்குகிறான்.

காட்டில் இப்படி எதிர்ப்பட்டால் மெல்லப் பேச வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். கரடியின் பெயரைச் சொல்லக் கூடாது. பெண்கள் சொல்லவே கூடாது. அதற்குக் காது கேட்கும், எவ்வளவு தூரத்திலிருந்து பேசினாலும் கேட்கும். யார், எங்கே போகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும்.

"பெரியவரே," என்றாள் மார்லிஸ். "நாங்க வழிப்போக்கருங்க. காலையில போயிருவோம். நீங்க சாப்பிடுங்க."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"கீழ மணல்ல ஒரு நீலக் கூடாரம் இருக்கும்," என்றாள். "அதுல படுக்குறவன் பேரு வெஸ்லி."

கரடி தலையைத் தூக்கியது. ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அடுத்த கிளையை இழுத்துக்கொண்டது. மார்லிஸ் பின்னோக்கி நடந்து சரிவில் இறங்கினாள். வாயில் ஏதோ இனித்தது.

கீழே வெஸ்லி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையல் மேசையைப் பொருத்திக்கொண்டிருந்தான். படகுப் பயணக் கம்பெனி அவனுடையது. ஐம்பத்தைந்து வயதுக்குத் தோள் இன்னும் துடுப்புப் போடுகிறவன் தோளாகத்தான் இருந்தது.

"பின்னாடி எப்படி?" என்று கேட்டான்.

"பழம் நல்லாப் பழுத்திருக்கு," என்றாள் மார்லிஸ்.

அது பொய்யில்லை. போன வருஷம் இதே கரையிலிருந்து அவன் அனுப்பிய சேதியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 'கரடி இல்லை. நல்ல இடம்.' அதை நம்பி, மறுநாள் அதே மணலில் ஐந்து பேரை இறக்கியவள் மார்லிஸின் தங்கை நெட்டி, வேறொரு படகின் வழிகாட்டி. கரடி புதரை விட்டு வெளியே வந்து ஒரு கணம்கூடத் தயங்காமல், வழி தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நேராகச் சமையல் மேசைக்கு வந்தது. காட்டில் பிறந்து காட்டில் தின்கிற கரடி அப்படி வராது. அங்கே ஏற்கெனவே பந்தி கிடைத்த கரடிதான் வரும். நெட்டி மேசைக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

இரண்டு நாள் கழித்து வனத்துறைக்காரர்கள் ஹெலிகாப்டரில் போய் அதைச் சுட்டார்கள். "பழி தீந்துச்சு" என்று ஊரில் தோளைத் தட்டினார்கள். யார் மேல் பழி, யார் தீர்த்தார்கள் என்று மார்லிஸுக்கு விளங்கவில்லை. கரடி உடைத்த நெட்டியின் தாடை மூன்று முறை அறுவை செய்தும் சேரவில்லை. கடமான் இறைச்சி வற்றலை வாயில் ஒதுக்கிச் சப்பிவிட்டு, மெல்ல முடியாமல் வெளியே எடுத்துத் தட்டில் வைப்பாள். அப்படி வைத்த துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் மார்லிஸின் பற்கள் தாமாகக் கிட்டித்துக்கொள்ளும்.

வெஸ்லி ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தோடு வந்தான். மார்லிஸுக்குத் தன் கம்பெனியில் வேலை தருவதாகச் சொன்னான். என்ன நல்ல மனுஷன் என்றார்கள். அவள் ஒத்துக்கொண்டாள். அக்காளும் தங்கையும் ஒரே அச்சு. தினமும் காலையில் காபிக்கு வரும்போது இந்த முகம் அவன் எதிரில் நிற்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் அவன் அந்த முகத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டான். அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது.

பயணிகள் ஆறு பேரும் புதர் ஓரமாகக் கூடாரம் விரித்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் அவர்களிடம் போனாள்.

"இங்க வேண்டாங்க. மலைக்காத்து இறங்கும். எல்லாம் பிடுங்கிக்கிட்டுப் போயிரும். அந்தப் படகுப் பக்கம் போட்டுக்குங்க."

"ஏம்மா, ஆணியெல்லாம் இப்பத்தான் அடிச்சு முடிச்சேன்," என்றார் பெர்னார்ட், ஆட்டவாவில் பல் டாக்டர். "நீ வேணும்னேதான் செய்யற. போன தடவ கரை ஒதுங்குனப்ப உன் சாக்லேட்ட நான் தின்னதுக்கா?"

"ஆமா, அதுக்குத்தான். நகருங்க."

"பாத்தியா, ஒத்துக்கிட்டா! ஒரு பல் டாக்டரு சாக்லேட் திருடலாமான்னு இவளுக்குக் கோவம்."

அவர் மனைவி சிரித்துக்கொண்டே ஆணிகளைப் பிடுங்கினாள். மார்லிஸும் கூடவே குனிந்து பிடுங்கினாள். தன் கூடாரத்தையும் மாற்றிக்கொண்டாள். வெஸ்லியின் நீலக் கூடாரம் மட்டும் பழப் புதரை ஒட்டியே நின்றது. அவன் எப்போதும் மற்றவர்களிடமிருந்து தள்ளித்தான் படுப்பான், குறட்டை விடுவான் என்பதால். அதைச் சொல்லி மாற்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தன் வாயிலேயே இருந்ததை அவள் நன்றாக உணர்ந்தாள். விழுங்கினாள்.

அப்போது அவளுக்குத் தன்னைப் பற்றி ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் உண்மை வெளியே வர வேண்டும் என்றுதான் விரும்புவதாக நினைத்திருந்தாள். அது இல்லை. அவன் கத்த வேண்டும். அவன் தட்டில் அந்தச் சப்பிய துண்டுகள் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம். வடக்கில் கோடை வெளிச்சம் மங்கவே இல்லை. எதிர்க்கரையில் பனிச்சுவர் நீலமாகப் பளபளத்தது. இந்த இடத்தைப் பார்க்கத்தான் பயணிகள் கடல் கடந்தெல்லாம் வருகிறார்கள், வெஸ்லியின் கம்பெனி விளம்பரத்தில் இருப்பதும் இந்த மணல்தான். அவன் இரும்புச் சட்டியில் பன்றிக்கறியைப் பொரித்தான். கொழுப்பை டப்பாவில் அடைத்து ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அவன் வழக்கம்போல நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கற்களுக்கு நடுவே சாய்த்தான்.

இவன் எல்லாக் கரையிலும் இதைத்தான் செய்கிறான் என்று மார்லிஸ் நினைத்தாள். அந்த நினைப்பு முடியுமுன் பெர்னார்டின் மனைவி மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

அது நீலக் கூடாரத்தைத் தாண்டி வந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணல் வழியாகச் சட்டியை நோக்கி வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் மார்லிஸின் கைகள் செய்தவை. எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடாதீங்க, முதுகு காட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லிப் படகுக்குப் பின்வாங்க வைத்தாள். வெஸ்லி மேசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றான். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே அவன் இடுப்பில் இல்லை. கூடாரத்தில் இருந்தது. கரடி கற்களில் ஊறிய கொழுப்பை நக்கியது. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவன் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

மார்லிஸ் இந்தக் கணத்துக்காகத்தான் வந்தாள். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் தன் ஸ்பிரேயைக் கையில் எடுத்து அவனுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றாள். நெட்டி நின்ற இடம். ஏன் என்று பின்னால் பல தடவை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. இரக்கம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

"போங்க பெரியவரே," என்றாள். "இது உங்க வேலை இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

கரடி திறந்து கிடந்த உணவுப் பெட்டியைக் கவ்விப் புரட்டியது. அதன் தலை பெட்டிக்குள் போனதும் மார்லிஸ் வெஸ்லியின் சட்டையைப் பிடித்து இழுத்துப் படகில் தள்ளினாள்.

எதிர்க்கரையில் கீழே வெகுதூரம் தள்ளி ஒதுங்கினார்கள். பெர்னார்ட் குளிர்காய்ந்தபடி, கரடி பல் தேய்க்கிற அழகை யாராவது பார்த்தீர்களா என்று நடுங்கிய குரலில் வேடிக்கை பேசினார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார். பிறகு அழுதார்.

வெஸ்லி மார்லிஸைத் தண்ணீரோரமாகத் தனியே கூப்பிட்டான். அவள் கருவியைக் கையில் வைத்திருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. நான் சொல்றபடி அனுப்பு. தூரத்துல பாத்தோம், தானாப் போயிருச்சுன்னு. சாப்பாடு கெடச்சுதுன்னு போட்டா அந்த எடத்த மூடிருவாங்க மார்லிஸ். இந்த சீசன் போச்சு. அடுத்த சீசனும் போச்சு."

"பின்னால ஒரு குடும்பம் வருது. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்கு அந்த மணல்லதான் இறங்குவாங்க."

"அது திரும்ப வராது. வயிறு நெறஞ்சா போயிரும். போன தடவயும் அப்படித்தான் நெனச்..."

நிறுத்திக்கொண்டான். ஒரு வருஷம் அவள் அவன் காபிக் கோப்பையைக் கழுவியது இந்த அரைச் சொல்லுக்காகத்தான்.

"முடிங்க," என்றாள்.

அவன் கீழே உட்கார்ந்தான். "ரெண்டு துண்டு கறிதான் தின்னுச்சு. ரெண்டே துண்டு. உன் தங்கச்சி அங்கதான் எறங்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ ஒருத்தர் எறங்குவாங்கன்னு தெரியும்ல?"

அவன் மணலைக் கையால் அளைந்தான். பிறகு தலையை உயர்த்தியபோது அவன் கண்ணில் வேறொன்று இருந்தது. அவளுக்கு அது பிடித்தது. அவன் அவளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நீ மத்தியானமே பாத்துட்ட," என்றான். "காத்து வரும்னு எல்லாரையும் மாத்தின. சாயங்காலத்துலருந்து ஒரு இலைகூட ஆடல. என் கூடாரத்த மட்டும் விட்டுட்ட."

"ஆமா."

"ஆமாவா? அப்ப நீ மட்டும் என்ன? இது தெரிஞ்சா உன் லைசென்ஸும் போகும். இனிமே இந்த ஆத்துல ஒருத்தனும் உன்ன ஏத்த மாட்டான்."

"தெரியும். அதையும் எழுதுறேன்."

அவன் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவள் சொன்னது நியாயத்துக்காகச் சொன்னது இல்லை. அவன் விழுகிற பள்ளத்தில் கூடவே விழுந்தால்தான் அவன் அடிவரைக்கும் போனானா என்று பக்கத்தில் இருந்து பார்க்க முடியும். அப்படிப்பட்ட ஆசை அது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அதற்குள் இருந்தது. எது எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தால் கை நின்றுவிடும் என்று தோன்றியது.

வெஸ்லியின் குரல் இறங்கிவிட்டது. "நீ அங்க என் முன்னாடி வந்து நின்ன. விட்டிருக்கலாம். விடல. அப்ப உனக்குள்ள எம்மேல கொஞ்சம்..."

"அது உங்களுக்காக இல்ல."

"சரி, இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் குடும்பத்துக்கு வேற எதாவது சொல்லி நிறுத்திருவோம். தண்ணி ஏறுதுன்னு சொல்லுவோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. போன வருஷத்துக் கதைய ஊருக்குப் போனதும் நானே வனத்துறை ஆபீஸ்ல போய்ச் சொல்றேன். என் வாயால. உன் தங்கச்சி காலடியில வந்து சொல்றேன். அதுவரைக்கும் பொறு. ஒரு மனுஷனுக்கு அந்த அளவு அவகாசம்கூடவா குடுக்கக் கூடாது?"

அவன் அழுதுகொண்டிருந்தான். பொய்யழுகை இல்லை. ஒருவேளை ஊருக்குப் போனதும் சொல்லவும் சொல்வான். மார்லிஸ் அவன் முகத்தை, ஈரமான தாடியை, ஆடுகிற உதட்டை நிதானமாகப் பார்த்தாள். தாடை அசைந்து வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வெளியே வருகின்றன என்று பார்த்தாள்.

நெருப்போரமாக இருந்தவர்களுக்குக் கேட்காதபடி, மெல்லச் சொன்னாள்:

"மாட்டேன் வெஸ்லி."