பதினேழாவது கேள்வி

காலையில் அடுப்படியில் நின்றபடி அவள் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டாள். வினை அதில்தான் வெளியே வந்தது.

“என் மேல கோபம் ஒண்ணும் இல்லையே, அத்தை?”

“இல்ல.”

முகம் என்னவோ உர்ரென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்த ‘இல்ல’வுக்குக் கோபம் இல்லை என்றுதான் பொருள்; பேசத் தெரிந்த குழந்தைக்கும் அது விளங்கும். போன வாரம் வேலையில் அது விளங்காமல் போன ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்கு உறைத்தது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆட்களின் குணத்தை அளக்கும் ஆய்வில் அவளுக்கு வேலை. தொழிற்சாலைகளில் அவளைக் ‘கேள்விக்காரி’ என்பார்கள். போன வாரம் ஓர் இரும்பு ஆலையில் பன்னிரண்டு கிரேன் ஓட்டுநர்களுக்குப் படிவம் கொடுத்தாள். பதினொரு பேர் தாங்களே எழுதினார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். அவருக்கு அவளே வாசித்து, அவளே குறியிட்டாள்.

படிவத்தில் பாதிக் கேள்விகள் தலைகீழானவை. எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போடுகிறவர்களைப் பிடிக்க ஆய்வாளர்கள் செய்யும் தந்திரம் அது. ‘கோபத்தில் நான் எதையும் எறிவதில்லை’ என்பது பதினேழாவது. வாசித்தாள். அவர் “இல்லைங்க” என்றார். ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். எறிவதில்லை என்பது இல்லை, ஆகவே எறிவார் என்று கணினி எடுத்துக்கொண்டது. கணினிக்கு மாமியார் ஏது?

பேராசிரியருக்குத் துறையில் ‘சராசரி’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் சராசரி என்ன என்று கேட்பார். அவர் அறையில் அன்றைய பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். அவளுடைய குரல் கடகடவென்று வாசித்தது. ஓட்டுநரின் குரல் வந்தது: “இல்லைங்க. சேச்சே!”

சேச்சே என்று ஒரு மனிதர் பதறியிருக்கிறார். அது காதில் விழுந்தும் குறியிட்ட கை தன்னுடையது என்று நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“அறிக்கை முந்தாநாளே ஆலைக்குப் போயாச்சு,” என்றார் பேராசிரியர். “அந்தாளை நேத்துக் காலையிலயே கீழ இறக்கிட்டாங்க.”

“பதிலை மாத்தி அனுப்பிடலாமே, சார்?”

“நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா அதுக்குப் பேர் ஆராய்ச்சியா? மொத்தத்தையும் மறுபடி கேளுங்க. இந்தத் தடவை நேரான கேள்வி. பதினேழு ஞாபகம் இருக்குல்ல? அதுல எறிஞ்சேன்னு வந்தா மத்தது எதுவும் செல்லாது. ஆலையோட பேசினது அப்படித்தான்.”

அவளுக்குத் தெரியும். எறிகிறவன் கையில் இருபது டன் இரும்பைக் கொடுக்க முடியாது என்று அந்த விதிக்கு அவளும் தலையாட்டியவள்தான்.

ஆலைக் கிடங்கில் ஓட்டுநர் ஆணிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே அவருடைய கிரேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் எதையும் மழுப்பவில்லை.

“தப்பு என்னோடதுங்க. நீங்க சொன்னதை நான் தலைகீழா எழுதிட்டேன்.”

அவர் கையிலிருந்த ஆணிகளைத் தராசுத் தட்டில் கொட்டினார். பிறகு மூச்சை விட்டார். “அப்ப நான் கோபக்காரன் இல்லையா?”

“கோபக்காரரே இல்லைங்க. மறுபடி ஒரு தடவை கேட்டுட்டா, நாளைக்கே மேல ஏறிடலாம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தாள். பதினாறு வரை ஒரு குறையும் இல்லை. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

“கோபத்துல எதையாவது எறிஞ்சிருக்கீங்களா?”

மற்றவற்றைப் போலவே இதையும் இரண்டாம் தரம் கேட்டாள்.

“எறிஞ்சிருக்கீங்களா?”

“நேத்து எறிஞ்சேன்.”

அவள் பேனா நின்றது.

“மேனேஜர் எல்லார் முன்னாலயும் இறங்குன்னாரு. பதினெட்டு வருஷம் ஓட்டினவன். வீட்டுக்குப் போனேன். ‘ஏம்பா சீக்கிரம் வந்துட்டே’ன்னு மக கேட்டா. கையில இருந்த சாப்பாட்டு டப்பாவை வீசிட்டேன். சுவத்துல பட்டுது. அவ மேல படல.” அவர் தன் கையைப் பார்த்தார். “ராத்திரி அவ என்கிட்ட வரவே இல்ல.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. இம்முறை பதிவுக் கருவியும் கிடையாது. ‘இல்லை’ கட்டம் விரல் அகலத் தூரத்தில் இருந்தது.

“இதுக்கு ஆமான்னு போட்டா நீங்க திரும்ப மேல ஏற முடியாதுங்க,” என்றாள். “அது நேத்து நடந்தது. நேத்து நடந்ததுக்குக் காரணம் நான். இல்லைன்னு போட்டுடறேனே?”

அவர் அண்ணாந்து கிரேனைப் பார்த்தார். அது கொக்கியில் ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. ஓட்டுகிறவர் புதியவர், தகடு லேசாக ஆடியது.

“என் மக பாத்துட்டா,” என்றார். “அவ பாத்ததை நான் எப்படி இல்லேங்கறது? போடுங்கம்மா.”

அவள் ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டாள். கோடு கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

“முடிஞ்சுதா?” என்றார் அவர்.

“இன்னும் இருபத்திமூணு இருக்குங்க.”

“சரி, கேளுங்க.”

அவள் பதினெட்டாவதை வாசிக்க அதன்மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.